பின்னது வராவிட்டால்? ஆங்கிலத்தில் ‘முன்வருவன’ குறித்த சொற்களின் பொருள் வேறுபாடு

முன்னுரை

பின்னால் வந்த ஒன்றைக் கருத்தில் வைத்து அதற்கு முன் வந்ததைச் சுட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு கூட்டம் சொற்கள் உண்டு. ஃபோர்ரன்னர், பிரிகர்சர், பிரெடிசெசர், ஆன்செஸ்டர், ஆன்டிசீடன்ட், ஹார்பிஞ்சர், ஹெரால்டு, பிரெலூட் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. நம் இலக்கணிகள் ‘ஒருபொருள் குறித்த பலசொல்’ என்று வகுத்த இனத்தில் இவற்றைச் சேர்ப்பது எளிது. பள்ளிப் பாடநூல்களும் இணைச்சொல் பட்டியல்களும் அப்படித்தான் சேர்க்கின்றன. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும் வேதியியலார், நீதிபதி, நிலநடுக்க ஆய்வாளர், வரலாற்றாசிரியர் ஆகியோர் தத்தம் துறையில் இவற்றுள் ஒன்றை எடுத்தால் மற்றொன்றைத் தொடுவதில்லை. பொருள் ஒன்றே என்றால் இந்தக் கட்டுப்பாடு ஏன்?

இச்சொற்களின் வேறுபாட்டை உணர்ச்சிச் சாயல், மதிப்பு, வழக்கின் உயர்வு தாழ்வு ஆகியவற்றில் தேடுவது போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். முன்னதற்கும் பின்னதற்கும் இடையே எத்தகைய உறவு இருக்கிறது, அந்தப் பெயரை எப்போது சூட்ட முடியும் என்ற இரண்டிலும்தான் வேறுபாடு கிடக்கிறது. அதை வெளிக்கொணர ஒரே கேள்வி போதும்: பின்னது வராமலே போயிருந்தால், முன்னதன் பெயர் என்னவாகும்?

1. அகராதிகளின் அளவுகோல்

ஒத்த சொற்களைப் பிரித்துக் காட்டும் நூல்வகைக்கு ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. பிரெஞ்சு மொழிக்கு அபே ஜிரார் 1718இல் எழுதிய நூல் பாதை அமைத்தது. ஆங்கிலத்தில் ஜான் டிரஸ்லர் 1766இலும், ஹெஸ்டர் பியோஸி 1794இலும், ஜார்ஜ் கிராப் 1816இலும் அந்தப் பாதையில் நடந்தனர். பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட தெசாரஸ் வேறு வழியில் சென்றது. அது சொற்களைப் பிரித்து விளக்கவில்லை, கருத்துவாரியாகக் குவித்தது. ‘வரிசை’ என்ற பெரும்பிரிவுக்குள் ‘பிரிகர்சர்’ என்பதையே ஒரு தலைப்பாக்கி, அதன்கீழ் முன்வருவனவற்றை எல்லாம் அடுக்கியது. 1942இல் வெளிவந்த வெப்ஸ்டர் ஒத்தசொல் அகராதி மீண்டும் பிரித்துக் காட்டும் மரபைக் கையிலெடுத்தது.

பிரித்துக் காட்டியவர்களின் பணி பெரிது. ஆயினும் அவர்கள் கைக்கொண்ட அளவுகோல் பெரும்பாலும் சாயல்தான். ஒரு சொல் வழி திறப்பதைக் குறிக்கும், இன்னொன்று அறிவிப்பதைக் குறிக்கும், மூன்றாவது சற்றுக் கம்பீரமானது என்ற முறையில் விளக்கம் போகும். இவ்விளக்கங்கள் தவறல்ல. ஆனால் எழுதுபவர் இடறும் இடத்தில் இவை கைகொடுப்பதில்லை. ‘வழி திறப்பது’ எது என்பதை வழி திறந்த பிறகே அறிய முடியும். ‘அறிவிப்பது’ எது என்பதை அறிவிப்பின்போதே அறிந்தாக வேண்டும். இந்தக் கால வேறுபாடு சாயலுக்குள் அடங்காது.

2. ஒரு சோதனை, மூன்று விடைகள்

பின்னது வராவிட்டால் முன்னதன் பெயர் என்னவாகும் என்ற கேள்வியை ஒவ்வொரு சொல்லிடமும் கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கின்றன.

சில பெயர்கள் அழியும். பதவிக்கு யாரும் அடுத்து வராத ஒருவரை ‘பிரெடிசெசர்’ என்று சொல்ல வழியில்லை. வழித்தோன்றல் இல்லாதவர் யாருக்கும் ‘ஆன்செஸ்டர்’ அல்லர். இவை பின்னோக்கிச் சூட்டப்படும் பெயர்கள்.

சில பெயர்கள் பொய்க்கும். ‘ஹார்பிஞ்சர்’ என்று சொல்லப்பட்ட முதல் மழைக்குப் பின் பருவமழை வரவில்லை என்றால், பெயர் சூட்டியதில் சொல்வழு இல்லை. சொன்ன சேதிதான் பொய்யானது. இவை முன்னோக்கிச் சூட்டப்படும் பெயர்கள்.

சில பெயர்கள் அப்படியே நிலைக்கும். தருக்கத்தில் ‘ஆன்டிசீடன்ட்’, வேதியியலில் ‘பிரிகர்சர்’, இசையில் ‘பிரெலூட்’ ஆகியவை பின்னதை நம்பி நிற்பவை அல்ல. இவை இயல்பாலோ இடத்தாலோ அமைந்த பெயர்கள்.

அழிவன, பொய்ப்பன, நிலைப்பன என்ற இந்த மூவகையும் சொற்பிறப்பிலேயே ஓரளவு தெரிகின்றன. எனினும் வகையை உறுதிசெய்வது வழக்குதான். ஒரே சொல் துறை மாறும்போது வகையும் மாறுவதுண்டு.

3. பொய்ப்பன: ஹார்பிஞ்சரும் அவன் அரண்மனை வேலையும்

இன்று ‘வசந்தத்தின் ஹார்பிஞ்சர்’ என்று கவிதைநடையில் வழங்கும் இச்சொல்லுக்குப் பின்னே ஒரு நிர்வாகப் பதவி இருந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது இது தங்க இடம் தருபவரைக் குறித்தது. துறைமுகத்தைக் குறிக்கும் ‘ஹார்பர்’, பிரெஞ்சில் சத்திரத்தைக் குறிக்கும் ‘ஓபேர்ஜ்’ ஆகியவை இதன் உறவுகள். படைக்கும் உறைவிடத்துக்கும் உரிய ஜெர்மானிய வேர்கள் இவற்றின் அடியில் கிடக்கின்றன. பிறகு, அரசன் போகுமுன் ஊருக்குச் சென்று தங்குமிடம் பிடிக்கும் ஊழியனுக்கு இது பெயரானது. இங்கிலாந்து அரண்மனையில் ‘நைட் ஹார்பிஞ்சர்’ என்ற பதவி 1846 வரை இருந்தது.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கு வின்செஸ்டரில் ஒரு நிகழ்ச்சி சான்று. 1683இல் இரண்டாம் சார்லஸ் அங்கே வந்து தங்குவதற்கு முன், அரண்மனை ஹார்பிஞ்சர் ஊரில் வீடுகளைக் குறித்துக்கொண்டே போனார். மன்னரின் காதலி நெல் க்வின் தங்குவதற்கு, பேராலயக் குருவான தாமஸ் கென்னின் இல்லம் ஒதுக்கப்பட்டது. கென் மறுத்துவிட்டார். மறு ஆண்டு பாத் அன்ட் வெல்ஸ் ஆயர் பதவி காலியானபோது மன்னர் அதே கென்னைத்தான் தேர்ந்தெடுத்தார்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஹார்பிஞ்சரின் நிலை. அவர் வீட்டு வாசலில் நிற்கும்போது மன்னர் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். அப்படியும் அவர் ஹார்பிஞ்சர்தான். அவருடைய அதிகாரம் வரப்போகிறவரிடமிருந்து முன்கடனாகப் பெற்றது. வருகையை அவர் உண்டாக்குவதில்லை, வருபவராக மாறுவதுமில்லை. இந்த மூன்று கூறுகளும் இன்றைய உருவகப் பொருளில் அப்படியே உள்ளன. குயில் கூவி வசந்தத்தைக் கொண்டுவருவதில்லை, குயில் வசந்தமாக ஆவதுமில்லை. வசந்தம் தாமதித்தால் குயில்மீது குறை சொல்ல இடமுண்டு.

கட்டியம் கூறுபவனுக்கு உரிய ‘ஹெரால்டு’ என்ற சொல்லும் இதே வகை. இருவருக்கும் வேறுபாடு செயலில்தான். ஹார்பிஞ்சர் இடம் பிடிக்கிறார், ஹெரால்டு குரல் கொடுக்கிறார். அதனால்தான் செய்தித்தாள்கள் பல ‘ஹெரால்டு’ என்று பெயர் வைத்துக்கொண்டன. எந்த நாளிதழும் தன்னைப் ‘பிரெடிசெசர்’ என்று அழைத்துக்கொள்ளாது.

4. அழிவன: காலியான இருக்கையும் மறைந்த மூதாதையும்

‘பிரெடிசெசர்’ என்பதன் லத்தீன் வேரில் ‘விலகிச் செல்பவர்’ என்ற பொருள் இருக்கிறது. முன்னே வந்தவர் என்பதைவிட, முன்னே போய்விட்டவர் என்பதே அதன் உள்ளீடு. ஆகவே இச்சொல்லுக்கு மூன்று பொருள்கள் தேவை: ஓர் இருக்கை, அதைவிட்டு எழுந்தவர், அதில் அமர்ந்தவர். இருக்கை தொடர்ந்து ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆட்கள் ஒத்திருக்க வேண்டியதில்லை. ஒரு முதலமைச்சரின் கொள்கைக்கு நேர்மாறான கொள்கை உடையவர் அடுத்து வந்தாலும், முதலாமவர் இரண்டாமவரின் பிரெடிசெசர்தான். தாக்கம், ஒப்புமை, கடன் எதையும் இச்சொல் கோருவதில்லை. இந்தக் கூட்டத்திலேயே மிகக் குறைவாக உரிமை கொண்டாடும் சொல் இதுதான். ஒரு நிலத்தின் முந்தைய உரிமையாளரைக் குறிக்க ஆங்கிலச் சட்டமொழி இதையே எடுத்துக்கொண்டதற்கும் அதுவே காரணம்.

‘ஆன்செஸ்டர்’ இதற்கு நேரெதிர். முன்செல்பவர் என்ற பொருள்தரும் ‘ஆன்டெசெசர்’ என்ற லத்தீன் சொல் பிரெஞ்சில் தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்த வடிவம் இது. இருக்கையும் பதவியும் இதற்கு வேண்டாம், இரத்தத் தொடர்ச்சி வேண்டும். அத்தொடர்ச்சி நிறுவப்படும் வரை பெயர் கருதுகோளாகவே நிற்கும். ஸ்பெயினின் அட்டபுவெர்காவில் கிரான் டொலினா என்ற இடத்தில் 1994 முதல் கிடைத்த, ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புகளுக்கு 1997இல் ‘ஹோமோ ஆன்டெசெசர்’ என்று பெயரிட்டனர். நியாண்டர்தால் மனிதருக்கும் நமக்கும் பொது மூதாதை இந்த இனமாக இருக்கலாம் என்பது அன்றைய கருத்து. 2020இல் ஒரு பல்லின் எனாமலில் இருந்த பழம் புரதங்களை ஆராய்ந்தபோது, அந்த இனம் நேர் மூதாதையாக அன்றி, பிற்கால மனிதக் கிளைக்கு நெருங்கிய உடன்பிறப்புக் கிளையாகவே தெரிந்தது. உயிரினப் பெயரிடல் விதிகளின்படி பெயரை மாற்ற முடியாது. பெயரின் உரிமைகோரல் தளர்ந்துவிட்டது, பெயர் தொடர்கிறது. சாதாரண வழக்கில் அழிந்திருக்க வேண்டிய ஒரு பெயரை விதி தாங்கிப் பிடித்திருக்கிறது.

அழிவனவற்றுள் மிகத் தெளிவான சான்று நிலநடுக்கவியலில் இருக்கிறது. 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்துக்கு அப்பால் 7.3 அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. அன்று அதை முதன்மை அதிர்வு என்று கருதுவதே இயல்பு. மார்ச் 11 அன்று அதே பகுதியில் 9.0 அளவில் பேரதிர்வு வந்ததும், 9ஆம் தேதி அதிர்வு ‘ஃபோர்ஷாக்’, அதாவது முன்னதிர்வு ஆகிவிட்டது. பாறையில் நிகழ்ந்தது எதுவும் பின்னோக்கி மாறவில்லை. பெயர் மட்டும் இரண்டே நாளில் மாறியது. ஓர் அதிர்வின் பதிவை மட்டும் பார்த்து அது முன்னதிர்வா இல்லையா என்று உறுதியாகச் சொல்லும் கருவி இன்றும் இல்லை.

5. நிலைப்பன: வினைக்கலமும் வாக்கியமும்

வேதியியலில் ‘பிரிகர்சர்’ என்றால் வினைகளின் வழியே இன்னொரு பொருளாக மாறத்தக்க பொருள். எல்-டோபா மூளையில் டோபமைன் ஆகிறது. தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் சூரியனின் புற ஊதா ஒளியால் வைட்டமின் டி3க்கு மூலமாகிறது. இங்கே முன்னது பின்னதற்குள் புகுந்துவிடுகிறது. ஹார்பிஞ்சர் வாசலில் நின்றுவிடுவார். வேதியியல் பிரிகர்சர் வீட்டின் செங்கல்லாகவே ஆகிவிடும்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. பின்னது வராவிட்டாலும் இப்பெயர் நிலைக்கிறது. போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை எபிட்ரின், அசிட்டிக் அன்ஹைட்ரைடு போன்றவற்றைப் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்துகிறது. இவற்றைத்தான் உலகெங்கும் அதிகாரிகள் பிரிகர்சர் என்கின்றனர். அசிட்டிக் அன்ஹைட்ரைடின் பெரும்பகுதி செல்லுலோஸ் அசிட்டேட், மருந்துகள் போன்ற முறையான உற்பத்திக்குச் செல்கிறது. ஹெராயினாக மாறாத பீப்பாயும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பீப்பாய்தான். ஆவதற்குரிய தகுதியே பெயருக்குப் போதும், ஆகியிருக்க வேண்டியதில்லை.

‘ஆன்டிசீடன்ட்’ இன்னும் ஒரு படி மேலே போய்க் காலத்தையே உதறிவிடுகிறது. ‘நாளை இவருக்கு அம்மை போட்டால், கிருமி இன்றே உடம்பில் இருக்கிறது’ என்ற நிபந்தனை வாக்கியத்தில் ‘போட்டால்’ வரையிலான பகுதியே தருக்க நூலாருக்கு ஆன்டிசீடன்ட். அது சொல்வது நாளைய நிகழ்ச்சி. அதைத் தொடரும் பகுதி சொல்வது இன்றைய நிலை. காலத்தில் பின்வருவது தருக்கத்தில் முன்னிற்கிறது. அம்மை போடாவிட்டாலும் வாக்கியத்துக்குக் கேடில்லை. ஆங்கில இலக்கணத்திலும் இப்படித்தான். சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறதோ அந்தப் பெயர்ச்சொல்லுக்கு ஆன்டிசீடன்ட் என்று பெயர். சில தொடர்களில் சுட்டுப்பெயர் முந்திக்கொண்டு பெயர்ச்சொல் பிறகு வரும். அப்போதும் பெயர் மாறுவதில்லை.

இதே சொல் பன்மையில் ஓர் ஆளின் கடந்தகாலத்தைக் குறிக்கும். இந்தியாவில் அரசுப் பணிக்குத் தேர்வானவர்களின் நன்னடத்தையைக் காவல்துறை சரிபார்க்கும் படிவங்களில் ‘கேரக்டர் அன்ட் ஆன்டிசீடன்ட்ஸ்’ என்ற தொடரைப் பார்க்கலாம். தேர்தல் வேட்பாளர்கள் தங்கள்மீதுள்ள குற்ற வழக்குகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்த பின் இச்சொல் செய்தி மொழியிலும் ஊன்றிவிட்டது. தருக்கத்தில் காலமற்றிருந்த சொல், காவல்நிலையத்தில் காலத்தால் நிரம்பியிருக்கிறது.

இசைக்கு வந்தால் ‘பிரெலூட்’ இருக்கிறது. 1722 என்று தேதியிட்ட பாஹின் தொகுப்பில் ஒவ்வொரு பிரெலூடுக்குப் பின்னும் ஒரு ஃபியூக் வருகிறது. 1839இல் வெளியான ஷோப்பானின் 24 பிரெலூடுகளுக்குப் பின் எதுவும் வருவதில்லை. ஆனாலும் அவை பிரெலூடுகளே. வேர்ட்ஸ்வொர்த் எழுதத் திட்டமிட்ட ‘தி ரிக்ளூஸ்’ என்ற பெருங்காவியம் முடியவே இல்லை. அதன் வாயிலாக எழுதப்பட்ட கவிதை, அவர் இறந்த 1850இல், மனைவி மேரி சூட்டிய ‘தி பிரெலூட்’ என்ற பெயரோடு வெளிவந்தது. மாளிகை எழாத வாயிலும் வாயில் என்றே நின்றுவிட்டது.

இடத்தால் முன்னிற்பது காலத்தால் பின்னதாக இருப்பதும் உண்டு. நூல்களின் முன்னுரைகள் பெரும்பாலும் கடைசியில் எழுதப்படுபவை. இந்திய அரசியலமைப்பின் முகவுரையை அரசியல் நிர்ணய சபை மற்ற உறுப்புகளை முடித்தபின், 1949 அக்டோபர் 17 அன்றுதான் ஏற்றது. அது அரசியலமைப்பின் பகுதி அல்ல என்று 1960இல் பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கருதியது. பகுதிதான் என்று 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் முடிவானது. முன்னே நிற்பது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற ஐயம் பிரெலூடுக்கும் முகவுரைக்கும் பொது.

6. இருவகையும் கலந்தது: முன்தீர்ப்பு

பிற்கால வழக்குக்கு வழிகாட்டும் முந்தைய தீர்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினால் நாட்டுத் தலைவரின் பதவிப்பெயரோடு குழம்பும். ஆகவே இங்கே ‘முன்தீர்ப்பு’ என்றே வழங்குகிறேன்.

இது நம் சோதனைக்கு எளிதில் பிடிகொடுக்காத சொல். உச்ச நீதிமன்றம் விளக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டும் என்கிறது அரசியலமைப்பின் 141ஆம் உறுப்பு. எனவே பெயர் தீர்ப்பு நாளிலேயே பிறந்துவிடுகிறது, ஒத்த வழக்கு பிறகு வராவிட்டாலும் நிலைக்கிறது. ஆனால் பெயருக்குள் அடங்குவது எது? தீர்ப்புக்கு ஆதாரமான சட்டக் காரணமே கட்டும். போகிற போக்கில் நீதிபதி சொன்ன கருத்துகள் கட்டா. இவ்விரண்டையும் பிரித்தெடுப்பவர் அடுத்த வழக்கின் நீதிபதி. பெயரைத் தருவது முன்னது, அதன் உள்ளடக்கத்தை வரையறுப்பது பின்னது.

பெயரைப் பறிக்கும் உரிமையும் பின்னதற்கு உண்டு. அடிப்படை உரிமைகளைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1967இல் கோலக்நாத் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு 6க்கு 5 என்ற கணக்கில் தீர்த்தது. 1973இல் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பைத் தள்ளியது. இங்கிலாந்தில் தன் தீர்ப்புகள் தன்னையே கட்டும் என்ற 1898ஆம் ஆண்டு நிலையைப் பிரபுக்கள் சபை 1966இல் கைவிட்டது. பிரெடிசெசரின் பெயரை அவருக்குப் பின் வந்தவரால் பறிக்க முடியாது. முன்தீர்ப்பின் பெயரைப் பறிக்க முடியும்.

7. மருத்துவம் சொல்லை மாற்றிக்கொண்ட கதை

இவ்வகைப்பாடு வெறும் ஏட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. வகை மாறிப் பயன்படுத்தப்பட்ட சொல் மனிதரைப் பாதித்ததும், அதைக் கண்டு ஒரு துறையே சொல்லை மாற்றிக்கொண்டதும் நிகழ்ந்திருக்கின்றன.

முன்னோடுபவன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ‘புரொட்ரோம்’. நோய் முழுதாக வெளிப்படுமுன் தோன்றும் தொடக்க நிலைக்கு மருத்துவத்தில் அது பெயர். மனச்சிதைவு நோயாளியின் கடந்த மாதங்களை விசாரித்து, ‘அது புரொட்ரோம் காலம்’ என்று மருத்துவர் குறிப்பார். இது பின்னோக்கிய பெயர், நோய் வந்த பிறகே சூட்டத் தகும். 1990களில், நோய் வருமுன்னே இளைஞர்களுக்கு உதவ முற்பட்டபோது சிக்கல் எழுந்தது. அறிகுறிகள் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வரவே இல்லை. அவர்களைப் புரொட்ரோம் நிலையில் இருப்பவர்கள் என்றால், வராத நோய்க்கு முன்னுரை எழுதியதாகிவிடும். மெல்போர்னில் ஆலிசன் யங், பேட்ரிக் மெக்கோரி ஆகியோர் ‘ஆபத்துக்கு உட்பட்ட மனநிலை’ என்ற பொருளில் புதிய தொடரைக் கொண்டுவந்தனர்.

நம் வீடுகளில் நன்கு தெரிந்த ‘பிரீ-டயாபடிஸ்’ என்ற சொல்லும் இதே வழக்கில் நிற்கிறது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்த நிலைக்கு இப்பெயர் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் தன் எல்லையை 110இல் வைக்கிறது. பலர் நீரிழிவை அடைவதில்லை என்பதால் அந்தப் பெயரையே தவிர்க்கவும் சொல்கிறது. 105 என்று அறிக்கை பெற்றவர் ஒரு வரையறைப்படி ஒரு நோயின் முன்வாசலில் நிற்கிறார், மற்றொன்றின்படி நிற்கவில்லை. ‘முன்’ என்ற ஒட்டு இங்கே ஹார்பிஞ்சரைப் போல அறிவிக்கிறது. கேட்பவரோ அதை வேதியியல் பிரிகர்சரைப் போல, ஆகியே தீரும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்.

8. வரலாற்றெழுத்தில் ‘பிரிகர்சர்’

வகைமயக்கம் மிகுதியாக நிகழும் இடம் அறிவு வரலாறு. ‘இன்னார் இன்னாருக்கு முன்னோடி’ என்ற தீர்ப்பு பல உரிமைகோரல்களை ஒரே மூச்சில் செய்துவிடுகிறது. அறிவியல் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் கான்கிலெம் இந்தத் தேடலையே ஐயுற்றார். தம்மை முன்னோடி என்று எவரும் அறிந்து எழுதுவதில்லை, பிற்காலத்தின் கேள்வியை முற்காலத்தவர்மீது ஏற்றுவதால்தான் முன்னோடிகள் கிடைக்கிறார்கள் என்பது அவருடைய விமர்சனத்தின் சாரம். போர்ஹெஸ் 1951இல் காஃப்காவின் முன்னோடிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதையே இலக்கியத்தின் பக்கமிருந்து மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். சீனோ, கீர்க்ககார், பிரௌனிங் ஆகியோரிடையே உள்ள ஒற்றுமை காஃப்கா எழுதாதிருந்தால் நம் கண்ணில் பட்டிருக்காது, ஒவ்வோர் எழுத்தாளனும் தன் முன்னோடிகளைத் தானே படைத்துக்கொள்கிறான் என்பது அவர் வாதம். ஒருவர் கண்டித்ததும் மற்றவர் கொண்டாடியதும் ஒரே உண்மைதான்: இங்கே ‘பிரிகர்சர்’ அழிவன வகையைச் சேர்ந்தது. அதை நிலைப்பன வகையைப் போலக் கையாள்வதுதான் பிழை.

இரண்டு வழக்குகளை அருகில் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் மேத்யூ 1831இல் கப்பல் கட்டும் மரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பிற்சேர்க்கையில் இயற்கைத் தேர்வின் கருத்து தெளிவாக இருந்தது. 1859இல் டார்வினின் நூல் வந்தபின், 1860 ஏப்ரலில் ‘கார்டனர்ஸ் குரோனிக்கிள்’ இதழில் மேத்யூ தம் உரிமையை எழுப்பினார். டார்வின் அதே மாதத்தில் அதே இதழில் பதிலெழுதினார். மேத்யூ பல ஆண்டுகள் முந்திவிட்டதை ஒப்புக்கொண்டார். மரநூலின் பிற்சேர்க்கையில் கிடந்ததைத் தாமும் பிற இயற்கையியலாரும் அறியாததில் வியப்பில்லை என்றும் சொன்னார். 1861இல் வந்த மூன்றாம் பதிப்பின் வரலாற்றுக் குறிப்பில் மேத்யூவுக்கு இடம் தந்தார். 1813இல் இதே போன்ற கருத்தைச் சொன்ன டபிள்யூ. சி. வெல்ஸை 1866இல் சேர்த்தார்.

இங்கே எந்தச் சொல் பொருந்தும்? மேத்யூவின் கருத்து டார்வினுடையதாக மாறவில்லை, டார்வின் அதைப் படித்திருக்கவில்லை. எனவே வேதியியல் பொருளில் பிரிகர்சர் இல்லை. அது யாருக்கும் எதையும் அறிவிக்கவில்லை. எனவே ஹார்பிஞ்சர் இல்லை. பொது இருக்கை ஏதும் இல்லாததால் பிரெடிசெசரும் இல்லை. எஞ்சுவது பின்னோக்கிய ‘ஃபோர்ரன்னர்’ மட்டும். முந்தியவர் என்ற உண்மையை அது பதிவு செய்யும், காரணத் தொடர்பு எதையும் கொடாது. குயவனின் பானைக்கு முன்னே மண் சுமந்த கழுதையும் வந்துவிட்டது, அதனால் கழுதை பானைக்குக் காரணம் ஆகிவிடாது என்பார்கள் நியாய நூலார். முன்மை வேறு, காரணத்தன்மை வேறு என்று அவர்கள் கட்டிய வரப்பு இங்கே அப்படியே பயன்படுகிறது.

இரண்டாவது வழக்கு சென்னையில் ஆங்கிலத்தில் நடந்தது. பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், 1816இல் கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்குச் சேர்த்த குறிப்பில், தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்ததல்ல என்றும், அதன் வேர்ச்சொற்கள் தமிழ், கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களோடு உறவுடையவை என்றும் சொற்களை அடுக்கிக் காட்டினார். 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. கால்டுவெல் எல்லிஸை மறைக்கவில்லை. இத்துறையில் முதலில் மண்ணைக் கிளறியவர் என்ற பொருள்படச் சொல்லிவிட்டு, அவர் ஒப்பிட்டது சில சொற்களையே, இலக்கண வடிவங்களை அல்ல என்று எல்லையும் வகுத்தார். அந்த எல்லைவகுப்பே நீண்ட காலம் எல்லிஸின் இடத்தைத் தீர்மானித்தது. தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட நூல் அவரை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவந்தது.

நம் சோதனையை இங்கே வைத்தால் விடை மேத்யூவுக்குக் கிடைத்ததைப் போல இல்லை. கால்டுவெல் பிறக்காமலே இருந்திருந்தாலும், தெலுங்கின் வேர்கள் பற்றிய எல்லிஸின் நிறுவல் 1816லேயே நிறுவலாக நிற்கும். அவரை ‘கால்டுவெல்லின் முன்னோடி’ என்று மட்டும் அழைப்பது, தானாக நிலைக்கும் ஒன்றைப் பின்வந்ததை அண்டி நிற்கும் பெயருக்குள் அடைப்பதாகும். அவர் கண்டறிந்தவர். கால்டுவெல் அறிந்து குறிப்பிட்டவர் என்ற வகையில் துறையின் முந்தைய ஆய்வாளரும்கூட. முன்னோடி என்ற பட்டம் புகழ்ச்சியாக ஒலித்தாலும் இங்கே அது குறைத்துச் சொல்வதுதான்.

9. ஒரு மறுப்பும் விடையும்

அன்றாட ஆங்கிலத்தில் இச்சொற்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று வருவதைக் காட்டி இவ்வகைப்பாட்டை மறுக்கலாம். இதழாளர்கள் 1930களின் ஒரு நிகழ்ச்சியைப் போரின் ஹார்பிஞ்சர் என்றும் பிரிகர்சர் என்றும் பிரெலூட் என்றும் எழுதுவார்கள், வாசகர் யாரும் தடுமாறுவதில்லை. உண்மைதான். ஆனால் அந்த எடுத்துக்காட்டில் போர் வந்தது நமக்குத் தெரியும். விளைவு தெரிந்துவிட்ட இடத்தில் மூன்று வகைகளும் ஒரே விடையைத் தருகின்றன, அதனால் ஒன்றாகத் தோன்றுகின்றன. விளைவு தெரியாத இடத்தில் அவை பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘பொய்யான ஹார்பிஞ்சர்’ என்று சொல்லலாம், ‘பொய்யான பிரெடிசெசர்’ என்பது பொருள் தராது. ‘முன்னதிர்வாக இருக்கக்கூடியது’ என்பது அறிவியல் நடை, ‘இது முன்னதிர்வு’ என்பது தீர்க்கதரிசனம். சொற்கள் பரிமாறிக்கொள்ளத்தக்கவை என்ற எண்ணமே, முடிவு தெரிந்த கதைகளை மட்டும் எடுத்துக்காட்டாகப் பார்ப்பதால் வருவது.

முடிவுரை

முன்வருவன குறித்த ஆங்கிலச் சொற்கள் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சாயல் தருபவை அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆதாரத்தைக் கோரும் ஒரு கூற்று. பிரெடிசெசருக்கு இருக்கையின் தொடர்ச்சி போதும். ஆன்செஸ்டருக்கு வம்சத் தொடர்ச்சி வேண்டும். வேதியியல் பிரிகர்சருக்கு மாறும் தகுதி வேண்டும். ஹார்பிஞ்சருக்கு, சொன்ன காலத்தில் சொன்னதற்குப் பதிவு வேண்டும். ஃபோர்ரன்னருக்கு, பின்னது வந்துவிட்டது என்பதும் ஒப்புமையும் போதும், அதற்குமேல் எதையும் அது நிறுவாது.

தமிழில் எழுதும் நாம் இவற்றுள் பலவற்றை ‘முன்னோடி’ என்ற ஒரே சொல்லால் எதிர்கொள்கிறோம். புதுச்சொல் ஆக்கி இக்குறையைத் தீர்க்க வேண்டியதில்லை. ஒருவரை முன்னோடி என்று எழுதும் ஆய்வேடு மூன்றில் ஒன்றைக் காட்டட்டும்: பின்வந்தவர் அவரைப் படித்ததற்கான சான்று, அவர் தம் காலத்திலேயே பின்வருவதை உணர்த்தியதற்கான சான்று, அல்லது காலத்தால் முந்தியவர் என்பதற்கு மேல் எதையும் கோரவில்லை என்ற தெளிவான ஒரு வரி. மூன்றும் இல்லாத ஆய்வேட்டில் அந்தச் சொல்லை மேற்பார்வையாளர் அடித்துவிடலாம்.